ஆறு அவுட்டு, ஒரு பேட்டிங்

போன ஞாயித்துக்கிழமை தம்பி ஆரம்பாக்கத்துலேர்ந்து ஃபோன் பண்ணினான். வழக்கமா அம்மாவுக்கு முட்டி வலி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஷிஃப்ட் மாத்திட்டாங்க, எறா விலை ஏறிடுச்சு, இந்த மூணு சேதியோட முடிஞ்சிடும். அன்னிக்கு மட்டும், "யக்கா, உன் பொண்ணு ஏதோ லீக்குல ஆடுறான்னியே, அத யாரு நடத்துறாங்க? துட்டு யாரு போடுறாங்க?"ன்னு ஆரம்பிச்சான்.

விஷயம் என்னன்னா, மே மாச லீவுல எங்க தெருப் பசங்க, ஏரிக்கரை குப்பத்துப் பசங்க எல்லாத்தையும் சேத்து, சின்னப் பசங்களுக்குன்னே ஒரு கிரிக்கெட் போட்டி நடத்தணும்னு அவனுக்கு ஆசை வந்திருக்கு. பெரிய பசங்க டோர்னமெண்ட்டுக்குக் குறைவே இல்லை. மைக் செட், சீரியல் லைட்டு, முதல் பரிசு இவ்வளவு உபயம் இன்னார்னு ஆளுயர பேனரு, எல்லாம் உண்டு. அதுல சின்னதுங்களுக்கு உள்ள ஒரே வேலை, முள்ளுக்காட்டுல போய் விழுற பந்தைப் பொறுக்கிட்டு வர்றது. "அதுங்க ஆடுற மாதிரி ஒண்ணு நடத்தணும்க்கா"ன்னான்.

அரைமணி நேரம் ஃபோன்ல சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல "இன்னா, இன்னா?"ன்னே கேட்டுட்டு இருந்தான். சரி, எழுதியே போட்டுடறேன், படிச்சுக்கோடான்னுட்டேன். ஆக இது அவனுக்கு. நீங்களும் படிக்கலாம், தப்பில்லை :-)

ஆரம்பாக்கம் தெரியாதவங்களுக்கு: சென்னையிலேர்ந்து கூடூர் போற ரயில் பாதையில தமிழ்நாட்டோட கடைசி ஸ்டேஷன். அடுத்தது தடா, ஆந்திரா. டீக்கடையில ரெண்டு பாஷையும் ஓடும். கிழக்கால போனா பழவேற்காடு ஏரி. அதுக்கு அந்தாண்ட ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுற அன்னிக்கு மொட்டை மாடியில ஏறி நின்னா போதும், டிவி வேணாம். கோடையில ஏரித் தண்ணி உள்வாங்கி, கரையோரம் உப்புப் பூத்த தரை தெரியும். அதுதான் எங்க கிரவுண்டு. ஸ்டம்பு சவுக்குக் குச்சி. பந்து சேத்துல விழுந்தா எடுக்கப் போறவன் முழங்கால் வரைக்கும் கறுப்பா வருவான்.

நான் இப்ப இருக்கறது நியூஜெர்சி. பொண்ணுக்கு 9 வயசு. ஸ்கூல்ல எவளோ கூப்பிட்டாள்னு பேஸ்பால் சேரணும்னு நின்னா. பொண்ணுங்களுக்கு சாஃப்ட்பால்னு தனியா இருக்கே, அதுல சேரேன்னேன். முடியாது, பேஸ்பால்தான். சரின்னு பேர் குடுத்தோம். அப்ப எனக்கு பேஸ்பால்னா என்னன்னு தெரிஞ்சது இவ்வளவுதான்: கில்லிக்கும் கிரிக்கெட்டுக்கும் பொறந்த பிள்ளை.

தம்பி, மொதல்ல உன் கேள்விக்கு வர்றேன். இதை கவர்மெண்ட்டும் நடத்தலை, ஸ்கூலும் நடத்தலை. ஊர்க்காரங்களேதான் நடத்துறாங்க. மேல 'லிட்டில் லீக்'னு ஒரு தலைமை அமைப்பு இருக்கு, பென்சில்வேனியாவுல வில்லியம்ஸ்போர்ட்னு ஒரு ஊர்ல. விதிமுறைப் புத்தகம், இன்சூரன்ஸ், எல்லைக்கோடு இதெல்லாம் அவங்க சமாச்சாரம். இந்தத் தெரு வரைக்கும் இந்த லீக், அதுக்கு மேல பக்கத்து லீக்னு மேப்பு போட்டு வெச்சிருக்காங்க. மத்தபடி தலைவர், பொருளாளர், பாதுகாப்பு அதிகாரின்னு உள்ளூர்ல இருக்கற எல்லாருமே ஏதோ ஒரு பிள்ளைக்கு அப்பா அம்மா. பத்து பைசா சம்பளம் கிடையாது.

ஆரம்பிச்ச கதையே அப்படித்தான். கார்ல் ஸ்டோட்ஸ்னு ஒருத்தர். சொந்தக்காரப் பசங்க ரெண்டு பேரோட வீட்டுக்கிட்ட பந்து போட்டு விளையாடிட்டு இருந்தவருக்கு, பெரியவங்க மாதிரியே இதுங்களுக்கும் யூனிஃபாரம், அம்பயர், சின்ன அளவுல மைதானம் எல்லாம் இருந்தா எப்படி இருக்கும்னு தோணியிருக்கு. காசுக்கு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கியிருக்கார். ஐம்பது இடத்துக்கு மேல கைய விரிச்சிட்டாங்க. கடைசியில ஒரு பால் கம்பெனி, ஒரு மரவாடி, ஒரு பிரெட்சல் கம்பெனி (முறுக்கு மாதிரி ஒண்ணு), இந்த மூணும் ஒத்துக்கிட்டதுல மூணு டீம் தேறிச்சு. 1939 ஜூன் 6, முதல் ஆட்டம். மரவாடி டீம் பால்காரங்களை 23-8னு தோற்கடிச்சது. இன்னிக்கும் எங்க பொண்ணு சட்டையோட முதுகுல ஊர்ப் பல் டாக்டர் பேரு இருக்குன்னா, வழி அங்கேர்ந்து வர்றது. பேனர்ல உபயம் போடுறதுல நம்மாளுங்களுக்கும் குறைச்சல் இல்லை, ஆனா பிள்ளைங்க முதுகுல போடலாம்னு தோணலை பாருங்க.

ஜனவரியில, வெளியில பனி கொட்டிட்டு இருக்கறப்பவே பேர் பதிவு. பர்த் சர்டிபிகேட்டு, இந்த எல்லைக்குள்ளதான் குடியிருக்கோம்னு கரண்ட் பில்லு. கட்டணம் உண்டு. ஆனா விதிப் புத்தகத்துல ஒரு வரி: காசு கட்டினாத்தான் ஆடலாம்னு எந்தப் பிள்ளைக்கும் சொல்லக்கூடாது. இதைப் படிச்சப்ப நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துட்டு இருந்தேன். காரணம் பின்னாடி சொல்றேன்.

அப்புறம் மார்ச்சுல டிரைஅவுட். ஸ்கூல் ஜிம்முல பிள்ளைங்க முதுகுல நம்பர் ஒட்டிட்டு நிக்கும். அஞ்சு பந்து அடிக்கணும், அஞ்சு பந்து பிடிக்கணும், ஓடிக் காட்டணும். ஓரமா ஒவ்வொரு டீம் மேனேஜரும் காகிதத்துல ஏதோ கிறுக்கிட்டு இருப்பாங்க. மாட்டுச் சந்தை ஞாபகம் வந்துச்சு, பொய் சொல்லலை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி அவங்களெல்லாம் ஒரு ரூம்ல உக்காந்து முறை வெச்சு ஆளுக்கொரு பிள்ளையா எடுப்பாங்க. எந்தப் பிள்ளை எத்தனாவது சுத்துல எடுக்கப்பட்டுச்சுன்னு வெளியில விடமாட்டாங்க. நல்ல வழக்கம். அண்ணன் தம்பின்னா ஒரே டீம்ல போட வழி இருக்கு. இல்லாட்டி பெத்தவங்க ரெண்டு மைதானத்துக்கும் நடுவுல கார் ஓட்டியே செத்துடுவாங்களே. இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க பிளேயர் ஏஜெண்ட்னு தனியா ஒருத்தர். அவரு பார்க்கற பிரிவுல அவரே மேனேஜரா இருக்கக்கூடாது. இதை நோட் பண்ணிக்கடா தம்பி. உங்க டோர்னமெண்ட்ல அம்பயர் யாரு, கேப்டனோட மச்சான்தானே?

கோச்சுன்னா சும்மா வந்து நிக்க முடியாது. பிள்ளைங்க பக்கத்துல போற ஒவ்வொரு பெரியாளோட பூர்வீகத்தையும் வருஷா வருஷம் சோதிப்பாங்க. நியூஜெர்சியில கூடுதலா ஒரு சட்டம் இருக்கு. பாதுகாப்புப் பயிற்சி முடிச்ச சம்பளமில்லாத கோச்சு மேல, விளையாட்டுல அடிபட்டதுக்காக லேசுல கேஸ் போட முடியாது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அதுக்குன்னே ஒரு மூணு மணி நேர வகுப்பு வெச்சிருக்கு. என் வீட்டுக்காரர் போயிட்டு வந்து ஒரு வாரம் யார் தும்மினாலும் முதலுதவி பண்ண வந்துட்டு இருந்தார்.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது, பந்துக் கணக்கு. 9, 10 வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு 75 பந்துக்கு மேல போடக்கூடாது. 66-ஐத் தொட்டுட்டாலே நாலு நாள் கையை ஓய்வுல விடணும். பந்தை எண்ணுற வழக்கமே 2007-லதான் வந்தது. எண்ணுறதுக்குன்னு ஒருத்தர் பக்கத்துல க்ளிக்கரோட உக்காந்திருப்பார். நல்லா போடுறான்னு ஒரே பையனை வெச்சு மொத்த சீசனையும் ஓட்டிட முடியாது. அடுத்தவனுக்கும் கத்துக் குடுத்தே ஆகணும்.

எல்லாத்துக்கும் மேல ஒரு விதி இருக்கு. டீம்ல பேர் இருக்கற ஒவ்வொரு பிள்ளையும், ஒவ்வொரு ஆட்டத்துலயும், எதிர் டீம் ஆறு அவுட் ஆகுற வரைக்குமாவது ஃபீல்டிங்ல நிக்கணும். ஒரு தடவையாவது பேட்டிங் பண்ணணும். தோத்தாலும் சரி, ஜெயிச்சாலும் சரி. கோச்சு மறந்துட்டாருன்னா அவருக்குத்தான் தண்டனை.

தம்பிக்கு இந்த இடத்துல ஃபோன்ல சத்தமே இல்லை. எனக்குப் புரிஞ்சுது. நாங்க ரெண்டு பேருமே அந்தக் கிரவுண்டுல ஒப்புக்குச் சப்பாணிங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க அப்பா இருந்தவரைக்கும் நாங்க இருந்தது பழவேற்காடு பக்கம் ஒரு குப்பம். பேர் வேணாம். அந்த ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை ரொம்ப காலமா உண்டு. முகத்துவாரம் கிட்ட எறா நல்லா விழுற இடம் கொஞ்சம்தான். எல்லாரும் போய் அங்கேயே வலை கட்டினா வெட்டுக்குத்துதான். அதனால இன்னிக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்குன்னு முறை போட்டுக் குடுப்பாங்க. நல்ல இடமும் சப்பை இடமும் சுத்தி சுத்தி எல்லாருக்கும் வரும். படிச்சவங்க நிறைய பேர் வந்து இதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிட்டுப் போயிருக்காங்க. எழுத வேண்டிய விஷயம்தான். ஆனா அந்த 'எல்லாருக்கும்'ங்கறதுல யார் யார்னு ஒண்ணு இருக்கு. கணக்கு தலைக்கட்டு வெச்சு. தலைக்கட்டுன்னா கல்யாணமான ஆம்பளை. கோயில் வரியும் அந்தக் கணக்குதான், பாடும் அந்தக் கணக்குதான்.

எனக்குப் பதினோரு வயசுல அப்பா போயிட்டார். தம்பிக்கு எட்டு. வீட்டுல ஒரு பொம்பளை, ஒரு பொண்ணு, ஒரு பொடியன். தலைக்கட்டு இல்லை. பாடும் போச்சு. வரி கேக்கவும் யாரும் வரலை. வரி கேக்க வராததுதான் அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுதுன்னு பிற்பாடு சொல்லியிருக்காங்க. திருவிழா நேரத்துல பெரியவங்க ரெண்டு பேர் வந்து திண்ணையில காசு வெச்சாங்க. நல்ல மனசோடதான். "முறையில வர்றதுன்னா குடுங்க, பாவம்னு குடுத்தா வேணாம்"னு அம்மா திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்த வருஷமே ஆரம்பாக்கத்துல தாத்தா வீட்டுக்கு வந்துட்டோம். அம்மா பஜார்ல மீன் கூடை போட்டாங்க.

இங்க வந்தா நாங்க வந்தேறிங்க. தம்பி காலையில ஏழு மணிக்குப் போய் கிரவுண்டுல நிப்பான். நாள் பூரா வெயில்ல ஃபீல்டிங். பேட்டிங் வர்றப்ப "நீ லாஸ்ட்டுடா". அந்த லாஸ்ட்டு எப்பவும் வராது. அதுக்குள்ள இருட்டிடும், இல்ல பந்து சொந்தக்காரன் கோச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான். எனக்குக் கணக்கு நல்லா வரும்னு ஸ்கோர் எழுதுற வேலை. ரூல்டு நோட்டோட கடைசிப் பக்கங்கள்ல எத்தனை ஆட்டம் எழுதியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒரு நாள் ஒரு ஆள் குறையுதுன்னு தேடிட்டு இருந்தாங்க. நான் ஆடட்டுமான்னேன். எவனும் திட்டலை, சிரிக்கக்கூட இல்லை. "நீ எழுது"ன்னு சொல்லிட்டு போயிட்டே இருந்தானுங்க.

பொண்ணு பேஸ்பால்ல நின்னப்ப நான் ஏன் மேல பேசலைன்னு இப்ப தெரிஞ்சிருக்கும். அவளுக்கும் இந்த இடம் சும்மா கிடைக்கலைங்கறது நான் அப்புறமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. இதே நியூஜெர்சியில ஹோபோக்கன்னு ஒரு ஊர். 1972-ல மரியா பெப்பேன்னு 12 வயசுப் பொண்ணு, பசங்களோட சேர்ந்து மூணு ஆட்டம் பந்து போட்டிருக்கா. தலைமை அமைப்பு, அவளை நிறுத்தாட்டி உங்க லீக்கோட அனுமதியையே எடுத்துடுவோம்னு சொல்லிடுச்சு. நிறுத்திட்டாங்க. பெண்கள் அமைப்பு ஒண்ணு வழக்கு போட்டது. 1973-ல சில்வியா பிரெஸ்லர்ங்கற விசாரணை அதிகாரி பொண்ணுங்களும் ஆடலாம்னு தீர்ப்பு சொன்னாங்க. 1974-ல லிட்டில் லீக்கே நாடு பூரா விதியை மாத்திக்கிச்சு. மரியாவுக்கு அதுக்குள்ள வயசு தாண்டிப் போச்சு. அவ ஆடவே முடியலை.

இப்ப குடும்பங்களை எப்படி இழுத்து விடுறாங்கன்னு சொல்றேன். இதுதான் நீ கேட்டதுல முக்கியம்.

பேர் பதியறப்பவே ஒவ்வொரு வீட்டுக்கும் மூணு முறை வேலை. எங்க லீக்குல அதுக்கு 100 டாலருக்கு ஒரு செக் எழுதி வாங்கி வெச்சுக்கறாங்க. வேலையை முடிச்சா செக் திரும்ப வரும். இல்லாட்டி பேங்குல போட்டுடுவாங்க. முக்கியமான வேலை, மைதானத்து ஓரத்துல இருக்கற தின்பண்டக் கடை. ஹாட்டாக், ஜூஸ், பொட்டலம் பொட்டலமா சூரியகாந்தி விதை (அதை மென்னு துப்பிக்கிட்டே ஆடுறது ஒரு சம்பிரதாயமாம்). லீக்கோட லைட் பில்லுல ஒரு பங்கு இந்தக் கடை வருமானத்துல ஓடுது. நான் மொத நாள் மிளகாய்ப் பொடி கேட்டுட்டு அசிங்கப்பட்டேன். அது வேற கதை.

எங்க டீமுக்கு 'டீம் மாம்' நான்தான். யாரும் தேர்ந்தெடுக்கலை. மீட்டிங்கில குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு நிமிந்து பார்த்தா எல்லாரும் என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. யார் வீடு எந்த நாள் கடைக்கு, யார் தண்ணி, யார் ஆரஞ்சுப் பழம்னு பட்டியல் வெச்சு விரட்டணும். ஸ்கோர் புக்கும் என்கிட்டயே வந்துடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, பேஸ்பால் ஸ்கோர் எழுதுறது ஒரு தனி ருசி. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர். ஷார்ட்ஸ்டாப் பிடிச்சு முதல் பேஸுக்கு எறிஞ்சு அவுட்டுன்னா 6-3. பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தாலும் ஆட்டம் கண்ணு முன்னால ஓடும்.

பட்டியல்ல ஒரு வீடு மட்டும் காலியாவே இருந்துச்சு. 11-ஆம் நம்பர் சட்டைக்காரப் பையன் வீடு. ரைட் ஃபீல்டுல நிப்பான், அதாவது பந்து அதிகம் வராத மூலை. நம்ம ஊர்ல முள்ளுக்காட்டுப் பக்கம் நிக்க விடுவோமே, அது. விதிப்படி ஆறு அவுட்டும் நிப்பான், ஒரு பேட்டிங்கும் கிடைக்கும். அவ்வளவுதான். தலையைக் குனிஞ்சு போவான், மூணு ஸ்டிரைக், தலையைக் குனிஞ்சு வருவான். யாராவது பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டு வந்து விடுவாங்க. அம்மா மட்டும்தான், முதியோர் இல்லத்துல நைட் ஷிஃப்டுன்னு கேள்விப்பட்டேன். நாலு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. சீசன் பாதியில லீக்குலேர்ந்து, "யார் யார் செக்கை பேங்குல போடணும்னு லிஸ்ட் குடுங்க"ன்னு கேட்டாங்க.

எனக்கு அந்தப் பேரை எழுத கை வரலை. என்ன பண்ணேன்னா, நான் கூடுதலா மூணு தடவை கடையில நின்னு, அதை அவங்க பேருல எழுதிட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். ரொம்ப நல்லது பண்ணிட்டதா ஒரு பெருமை வேற.

கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துடுச்சு. "உங்கள் குடும்பம் மூன்று முறையும் நிறைவு செய்ததற்கு நன்றி"ன்னு அவங்களுக்கு தானா ஒரு மெயில் போயிருக்கு. அடுத்த புதன்கிழமை சாயங்கால ஆட்டத்துக்கு, வேலைக்குப் போற நீல உடுப்பிலயே நேரா என்கிட்ட வந்து நின்னாங்க. "நான் எப்ப வந்தேன்?"

ஏதேதோ உளறினேன்.

"செக்கை அவங்க எடுத்துக்கட்டும்னுதான் விட்டுட்டேன். அதுக்காகத்தான் எழுதிக் குடுத்தது. உங்களுக்கு என்னைப் பார்த்தா பாவமா இருக்கா?" கத்தலை. மெதுவாத்தான் கேட்டாங்க. எனக்குத் திண்ணையில வெச்ச காசு ஞாபகம் வந்து, காதெல்லாம் சூடாயிடுச்சு. அந்தக் காசை எடுத்துட்டு வந்த ரெண்டு பெரியவங்க இடத்துல நான் நின்னுட்டு இருக்கேன்.

மன்னிப்பு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அப்புறம் என் பட்டியலை வாங்கிப் பார்த்தாங்க. "சாயங்காலம் ஆறு மணி, சனிக்கிழமை மத்தியானம், வெள்ளிக்கிழமை ராத்திரி. நான் தூங்குற நேரமும் வேலை செய்யற நேரமும் மட்டும்தான் இதுல இருக்கு. சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு எனக்கு வேலை முடியும். ஏழரைக்கு இங்க ஒரு வேலையும் கிடையாதா?"

இருக்கு. 9 மணி ஆட்டத்துக்கு முன்னாடி மண்ணை வாரியால இழுத்து, பேஸ் எல்லாம் பதிச்சு, சுண்ணாம்புக் கோடு போடணும். எங்க மேனேஜர் வாராவாரம் ஒத்தையில முனகிக்கிட்டே பண்ணிட்டு இருந்தார். அது ஒரு முறை வேலைன்னு பட்டியல்ல போட யாருக்குமே தோணலை. எனக்கும்தான். மெயில் நாலு அனுப்பினேனே தவிர, உங்களுக்கு எப்ப முடியும்னு ஒண்ணுலகூட கேக்கலை.

அந்த சனிக்கிழமை நான் ஏழே முக்காலுக்குப் போனா, கோடு வண்டியைத் தள்ளிட்டு அந்தம்மா பாதி மைதானம் முடிச்சிருந்தாங்க. 11-ஆம் நம்பர் அளவு நாடாவோட மறுமுனையைப் பிடிச்சுட்டு நின்னான். பிட்சர் மேட்டுலேர்ந்து 46 அடி, பேஸுக்கு பேஸ் 60 அடி. மூணு வாரம் அவங்கதான் போட்டாங்க. நான் பொய்யா எழுதின மூணையும் அடிச்சுட்டு, அந்த மூணையும் எழுதினேன். லீக்குக்கும் நடந்ததைச் சொல்லிட்டேன். அடுத்த சீசனுக்குப் பட்டியல்ல காலை நேர வேலையும் சேர்த்தாங்க. சேர்த்ததும் இன்னும் ரெண்டு வீட்டுலேர்ந்து வந்து பேர் குடுத்தாங்க, ஒருத்தர் பேக்கரி, ஒருத்தர் லாரி.

பையன் என்ன ஆனான்னு கேப்பீங்க. சினிமா மாதிரியெல்லாம் ஒண்ணும் நடக்கலை. கடைசிக்கு முந்தின ஆட்டத்துல ஒரு பந்து அவன் மட்டையில பட்டுச்சு. உருண்டு போனதை ரெண்டாவது பேஸ்ல நின்ன பையன் எடுத்து முதல் பேஸுக்கு எறிஞ்சு அவுட்டாக்கிட்டான். தூங்காம வந்து உக்காந்திருந்த அந்தம்மா போட்ட கூச்சலுக்கு அம்பயரே திரும்பிப் பார்த்தார். ஸ்கோர் புக்குல 4-3ன்னு எழுதினேன். கொஞ்சம் அழுத்தியே எழுதிட்டேன் போல, பின்பக்கம் வரைக்கும் பதிஞ்சிருக்கு.

இதையெல்லாம் கேட்டுட்டு தம்பி என்ன சொன்னான்னா, "ஆறு அவுட்டெல்லாம் நம்மளுக்குப் புரியாதுக்கா. ஒவ்வொருத்தனும் கண்டிப்பா ஆறு பால் பேட்டிங், ஒரு ஓவர் பௌலிங். அவுட்டானாலும் ஆறு பால் முடியற வரைக்கும் நிக்கணும். சரியா?" சரிடான்னேன். எனக்குத் தெரிஞ்சு இது லிட்டில் லீக்கை விட நல்ல விதி.

காசுக்கு என்ன பண்ணப் போறேன்னு கேட்டேன். தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னுதானே ஏரிக்கரைப் பக்கம் எல்லா வசூலும். கொஞ்சம் யோசிச்சான். "தலைக்கட்டு வேணாம்க்கா. அடுப்புக்கு இவ்ளோன்னு வெச்சுக்கலாம். முடியாதவங்க துட்டுக்குப் பதிலா எதுனா செய்யட்டும். இன்னா செய்றாங்கன்னு அவங்களையே கேட்டுக்கலாம்." பின்னாடியிலேர்ந்து அம்மா குரல், "நான் மோர் கலக்கித் தர்றேன்டா, எழுதிக்கோ." பந்தலுக்குக் கீத்து ஒருத்தர் தர்றாராம். வலை பின்னுற தாத்தா ஒருத்தர், பந்து முள்ளுக்காட்டுக்குள்ள போகாம இருக்க பழைய வலையைக் கட்டித் தர்றேன்னாராம். இது இங்க நியூஜெர்சியில காசு குடுத்து வாங்குற ஐட்டம்!

கடைசியா ஒண்ணு சொன்னான். "ஸ்கோர் எழுதத்தான் ஆளு இல்லாம இருந்துச்சு. எதிர் வீட்டுப் பொண்ணு ஒண்ணு இருக்கு, ஏழாவது படிக்குது, கணக்குல புலி. அதைக் கேட்டிருக்கேன்."

"அவளுக்கு ஆடத் தெரியுமாடா?"

"..."

"டேய்."

"கேக்கலக்கா."

"கேளு. மொதல்ல அதைக் கேளு."

மறுநாள் ஃபோன் வந்துச்சு. ஆடுதாம். இடது கை பௌலராம், தெருவுல சுவத்துல ஸ்டம்பு வரைஞ்சு தனியா போட்டுப் பழகியிருக்காம். கூட இன்னும் நாலு பொண்ணுங்க பேர் குடுத்திருக்குதுங்க. அதனால இப்ப ஸ்கோர் நோட்டு தம்பி தலையில விழுந்திருக்கு. அவனுக்குக் கணக்கு சுத்தமா வராது. ஃபோன்ல சொல்லித் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். மே மாசம் முழுக்க அங்க சாயங்காலம் நாலு மணி ஆட்டம்னா, எனக்கு இங்க விடியக்காலை ஆறரை.